பால்மா டின் போட்ட தாளம்

செபமாலையின் வலது கட்டைவிரல் கறுத்திருந்தது.

மாதா கோயில் திருநாள். பகல் கச்சேரி முடிந்து, கோயிலுக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் ஆளுக்கொரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தோம். மழை விட்டும் மரம் சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த வெடிக் கடதாசியின் வாசம். செபமாலை இடது கையால் பணிஸ் தின்றான்.

"என்னாடா, கைநாட்டு வச்சிட்டு வந்தவன் மாதிரி இருக்க?" என்று கேட்டேன்.

விரலைப் பார்த்தான். சட்டையில் துடைக்கப் போனான். வெள்ளைச் சட்டை என்பதால் விட்டுவிட்டான்.

"போற எடத்துல கடதாசியில வைக்கச் சொன்னா வைக்கணும்ல. இப்பவே பழகிக்கிறேன்."

நான் சிரித்தேன். எங்கள் பாட்டுக் குழுவின் நாலு பேரில் கைநாட்டு நான் ஒருவன்தான். செபமாலை எட்டாம் வகுப்பு. நான் பள்ளிக்கூடம் போன நாட்களைக் கைவிரல்களிலேயே எண்ணிவிடலாம். எண்ணிக்கை தவறினாலும் தவறும், எண்ணப் பழகும் முன்பே நின்றுவிட்டேன். இருந்த ஒரே தகுதியையும் இவன் பிடுங்கிக்கொள்கிறானே என்று சொல்லிவிட்டு மிச்ச ஒயரைச் சுற்றினேன்.

அந்த விரலை இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பந்தயத்தில் ஜெயித்த மிதப்பு.

அரை மேசை

போன வாரம் நானாவின் தராசுக் கதையைச் சொன்னதற்கு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒருவர் பாராட்டியிருக்கிறார். மற்றவர் நானாவின் மகன்.

அதைப் படிக்காதவர்களுக்காக: பதுளை பஜாரில் மொஹிதீன் நானாவின் ஹாட்வெயார் கடை. ஆணி, கீல், மண்வெட்டி. அதன் மூலையில் ஒரு மேசை. பாதி மேசையில் நானாவின் தராசு, மறுபாதியில் நான். ரேடியோ திருத்தப்படும் என்று பலகையில் எழுதியிருப்பதாக நானா சொன்னார். எனக்கு வாசிக்கத் தெரியாது, நம்பினேன். இப்போதும் அப்படித்தான். நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். இந்தத் தொடரில் நல்ல தமிழ் எங்கேயாவது தென்பட்டால் அது அவளுடையது.

காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, ஈயம் பற்றவைக்கும் கோலைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை அடுப்பில் செருகிவிட்டு வருவது. தன் பிளேன்டீ ஈய வாசம் அடிக்கிறது என்று கடைக்காரர் தினமும் ஏசுவார். ஏசிக்கொண்டே கோலைத் திருப்பியும் போடுவார்.

பிறகு ரேடியோக்கள். பின்பக்கப் பலகையைக் கழற்றினால் எங்கிருந்து வந்தது என்று மூக்காலேயே சொல்லிவிடுவேன். விறகுப் புகை வந்தால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம். பாச்சை உருண்டை வந்தால் கிளாக்கர் வீடு. ஒன்றும் வராமல் தூசி மட்டும் இருந்தால் துரை பங்களா, அங்கே யாரும் பாட்டுக் கேட்பதில்லை.

மத்தியானம் வரைக்கும் சத்தத்தைச் சரிசெய்வேன். அதற்குப் பிறகு சத்தத்தைக் கெடுப்பேன். இரண்டாவது வேலைதான் எனக்குப் பிடித்தது.

கிட்டார் வாசிக்கும் பெருமாளுக்குக் கரகரவென்று ஒரு சத்தம் வேண்டும் என்றான். வெளிநாட்டில் அதற்கு ஒரு பெட்டி விற்கிறார்களாம். அது வெளிநாட்டுச் சாமான் எதுவுமே வராத காலம், பெட்டிக்கு எங்கே போவது? நான் ஸ்பீக்கரின் காகிதத்தைப் பிளேடால் நாலு கீறு கீறினேன். கிட்டார் தொண்டை கட்டிய நாய் மாதிரிக் குரைத்தது. பெருமாள் கண் கலங்கிவிட்டான். சந்தோஷத்தில்தான்.

பாடுகிற ரோசலினுக்கு மலைக்குள் நின்று பாடுவது மாதிரி எதிரொலி வேண்டியிருந்தது. அதற்கு நீளமான ஸ்பிரிங் வேண்டும். பாதி மேசையில் ஒரு தராசு சும்மாதானே இருந்தது.

"டேய் முத்து, எண்ட தராசுட ஸ்பிரிங் எங்க ஈக்கி?" என்று நானா கேட்டார்.

ரோசலின் தொண்டையில் இருக்கிறது என்றேன். மிச்சத்தைத்தான் போன வாரம் சொல்லிவிட்டேன்.

நாலு பேரும் ஒரு கப்பலும்

குழு என்றால் நாங்கள் நாலு பேர். பேக்கரியில் மா பிசையும் பெருமாள். டவுனை ஒட்டிய தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ரோசலின். அவளுக்கு நான் அண்ணன் முறை, அதனால் ஏச்சும் வாங்க வேண்டும். கொட்டு அடிக்கும் செபமாலை. பெட்டியும் ஒயருமாக நான். கல்யாணம், திருநாள், கோயில் திருவிழா, யார் கூப்பிட்டாலும் போவோம்.

அந்த வருடங்களில் தோட்டங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சு. யாருக்கு எந்த நாட்டுப் பிரஜா உரிமைக் கடதாசி வந்தது என்பதுதான். இந்தியாக் கடதாசி வந்தவர்கள் பதுளையில் ரயில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய்விட வேண்டும். செபமாலையின் அம்மா அந்தோணியம்மாவுக்குக் கடதாசி வந்துவிட்டது. அதில் செபமாலையின் பெயரும் தங்கச்சியின் பெயரும் இருந்தன. அந்த நாட்டை மூன்று பேரில் ஒருவரும் பார்த்தது கிடையாது. ஆனால் இந்தக் கப்பலை விட்டால் செபமாலைக்கு அங்கேயும் பெயர் இருக்காது, இங்கேயும் இருக்காது.

தெரிந்தும் அவன் நாளைக் கடத்தினான். கொட்டுக்குத் தோல் மாற்ற வேண்டும் என்றான். திருநாள் வருகிறது என்றான். தான் போனால் கொட்டு யார் அடிப்பது என்று தினமும் என் மேசைக்கு வந்து கேட்டான்.

ஒருநாள் அந்தோணியம்மா கடைக்கு வந்தார். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் ஒதுங்கி நின்றார்.

"முத்து, நீ சொன்னா கேப்பான். அவன விட்டுருப்பா," என்றார்.

சொல்கிறேன் அம்மா என்றேன். சாயங்காலம் செபமாலை வந்ததும் சொன்னேன். இப்படித்தான் சொன்னேன்:

"போறதுன்னா போடா. ஒரு பால்மா டின்ன வச்சு ஒன் வேலைய வாங்கிருவேன்."

எனக்கு எதையும் வேறு மாதிரிச் சொல்ல வராது. அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"செஞ்சு காட்டு. திருநாளுக்கு அது தாளம் தப்பாம ஒரு பாட்டு முழுசா அடிச்சிச்சின்னா நான் கப்பல் ஏறுறேன். தப்பிச்சின்னா இங்கயே கெடக்குறேன்."

கையடித்தோம். அவன் போகக்கூடாது என்று எனக்கு ஆசை. என் டின் ஜெயிக்க வேண்டும் என்றும் ஆசை. இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தன. படிப்பு எதுவும் உள்ளே இல்லாததால் தாராளமாக இடம் இருந்தது.

பார்வதிக்கு ஒரு ஓட்டை

பெரிய பால்மா டின் ஒன்றைப் படுக்கப் போட்டு நடுவில் கம்பி செருகினேன். சாவி கொடுக்கும் பழைய கிராமபோன் மோட்டர் ஒன்று, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பெல்ட்டால் அதைச் சுற்றும். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து டின்னைச் சுற்றி ஒட்டினேன். அதன் மேல், விளிம்பில் மட்டும் ஈயம் தெரிகிற மாதிரி, தடித்த காகிதம். காகிதத்தின் மேல் மூன்று பித்தளைத் தகடுகள் உரசிக்கொண்டிருக்கும். காகிதத்தில் ஓட்டை வருகிற இடத்தில் பித்தளை ஈயத்தைத் தொடும், கரண்ட் பாயும், காலிங் பெல்லில் கழற்றிய சுத்தியல் ஒரு தட்டுத் தட்டும். ஒரு சுத்தியலுக்கு ஆட்டுத்தோல், ஒன்றுக்கு பிஸ்கட் டின், ஒன்றுக்குப் பித்தளைக் கிண்ணம். கரண்டுக்கு ஒரு லொறி பேட்டரி.

காகிதம் நானா தந்தது. தோட்டத்து ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய செக்ரோல் தாள்களை வாங்கி வைத்து அதில்தான் ஆணி மடித்துக் கொடுப்பார். செக்ரோல் என்றால் வேலைக்கு வந்த ஆட்களைப் பதியும் பெரிய புத்தகம். வரிசைக்கு ஒரு பெயர், பெயருக்கு நேரே நாளுக்கு ஒரு கட்டம். எனக்கு வேண்டியதும் அதேதான். ஒரு சத்தத்துக்கு ஒரு வரிசை, ஒரு அடிக்கு ஒரு கட்டம். பெயர்ப் பக்கத்தை வெட்டிவிட்டுச் சுற்றினால், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி டின்னில் பொருந்தியது. அதைப் பார்த்தே எனக்குத் திமிர் ஏறிவிட்டது.

வெட்டும் முன்பு செபமாலை பெயர்களை வாசித்துச் சொன்னான். ஆட்டுத்தோல் வரிசை பார்வதி. பிஸ்கட் டின் ராமாயி. கிண்ணம் மூக்காயி. அன்றிலிருந்து சத்தங்களுக்கு அவைதான் பெயர். பார்வதிக்கு இன்று சளி, தோலை அனலில் காட்டு என்போம். முகம் தெரியாத மூன்று பெண்கள், எந்த மாதமோ ஏறி இறங்கிய மலை, அதில் நான் ஓட்டை போட்டேன்.

எங்கே ஓட்டை போட வேண்டும் என்று காட்டியவனும் செபமாலைதான். தன்னை அனுப்பிவைக்கப் போகிற மிஷினுக்குத் தானே உட்கார்ந்து தாளம் சொல்லிக்கொடுத்தான்.

"எட்டு எட்டா நாலு. முப்பத்திரெண்டு கட்டம். கடைசிக் கட்டம் அடி இல்ல, சும்மா. வெளங்குச்சா?"

விளங்கியது என்றேன். அவன் மேசையில் மெதுவாகத் தட்டத் தட்ட நான் பிளேடால் வெட்டினேன். இப்ப பார்வதி, இப்ப ராமாயி, இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து. கடைசி அடி வெட்டி முடிந்தது, தாளும் முடிந்தது. ஒட்டினேன். கட்டங்களை நான் எண்ணவில்லை. தாள் நிறையக் கட்டம் இருந்தது. நிறைய என்றால் எனக்கு முப்பத்திரண்டுதான்.

ஒத்திகையில் ரோசலின் இரண்டாவது வரியில் தடுமாறினாள்.

"அண்ணே, அது என்னைய முந்திக்கிட்டுப் போகுது."

வீட்டில் பாடிப் பழகிக்கொண்டு வா என்றேன். ஆனாலும் மோட்டருக்கு எண்ணெய் விட்டேன், பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், பனியைத் திட்டினேன். செபமாலை எழுந்து வந்து டின்னைச் சுற்றிப் பார்த்தான். காகிதம் ஒட்டிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான். திருநாள் கச்சேரி எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான்.

சின்னத் துரை வைத்த பெயர்

இடையில் ஒன்று. பல வருடம் கழித்து, ஒரு தோட்டத்துச் சின்னத் துரை ரேடியோ திருத்த வந்தார். கொழும்பில் கம்ப்யூட்டர் படித்தவர். மேசைக்கடியில் கிடந்த டின்னை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். இந்தக் காகிதத்தில் இருப்பதுதான் புரோகிராம், நீ ஒரு புரோகிராமர் என்றார். காகிதம் சொஃப்ட்வெயார், டின் ஹாட்வெயார் என்றார். ஹாட்வெயார் நானாவுடையது சேர் என்றேன்.

இதை எழுதியது யார் என்று கேட்டார். பார்வதி, ராமாயி, மூக்காயி என்று உண்மையைச் சொன்னேன். மனிதர் அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு போனார்.

திருநாள்

அன்று செபமாலை வெள்ளைச் சட்டையில் வந்தான், கொட்டு இல்லாமல். நேராக வந்து டின்னுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"பெல்ட் வழுக்குது. இத நான் பாத்துக்கிறேன், நீ ஒன் பெட்டியப் பாரு," என்றான்.

எனக்கு ஸ்பிரிங் பெட்டியோடு போராடவே நேரம் சரியாக இருந்தது. அவன் டின்னின் விளிம்பில் கையைப் போட்டுக்கொண்டு, கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவுகிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

டின் அடித்தது. ஒரு பாட்டு முழுவதும் அடித்தது. ரோசலின் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள், ஓரிடத்தில் கூடத் தடுமாறவில்லை. சனம் இன்னும் இரண்டு பாட்டுக் கேட்டது. அதற்கும் அடித்தது. சாமியார் வந்து டின்னை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். கடைசி வரிசையில் அந்தோணியம்மா முக்காட்டோடு நின்றிருந்தார். எல்லோரும் டின்னைப் பார்த்தார்கள், அவர் மகனைப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் சவுக்கு மரத்தடி, பணிஸ், கறுத்த விரல்.

"நீ ஜெயிச்சிட்டடா," என்று செபமாலை கை கொடுத்தான். இடது கையை.

அடுத்த கிழமையே கோச்சி ஏறினார்கள். அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். பிளாட்பாரத்தில் நின்று நான் ஏழெட்டுப் பகடி விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கச்சி டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். கோச்சி நகரும்போது செபமாலை ஜன்னலில் குனிந்தான்.

"டின்ன மழையில நனைய விடாத."

அவ்வளவுதான் சொன்னான்.

வெலிமடைக் கல்யாணம்

அதற்குப் பிறகு மூன்று கிழமை, ஆளையே அனுப்பிவைத்த டின் என்று பஜார் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நானா வாடிக்கையாளர்களிடம் ஆணியை நிறுத்துக் கொடுத்துவிட்டு டின்னையும் காட்டி அனுப்பினார்.

வெலிமடையில் ஒரு லீக்ஸ் வியாபாரி வீட்டில் கல்யாணம். பந்தல் நிறைய ஆட்கள். டின்னுக்குச் சாவி கொடுத்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ரோசலின் ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் தடுமாறி நின்றாள். திரும்ப ஆரம்பித்தோம். திரும்ப நின்றாள். மிஷினுக்குச் சாராயம் ஊற்றினீர்களா என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து யாரோ கேட்டார். பேட்டரி என்றேன். பனி என்றேன். ரோசலினுக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அவள் மைக்கைப் பெருமாளிடம் கொடுத்துவிட்டு டின்னுக்கு முன்னால் குந்தினாள். காகிதத்தில் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக ஓட்டினாள். வாய்க்குள் எண்ணினாள்.

"அண்ணே, இது செக்ரோல் தாளுதானே?"

"ஆமா."

"மாசத்துக்கு ஏதுண்ணே முப்பத்திரெண்டு நாளு?"

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. முப்பத்தொரு கட்டம். சும்மா இருக்க வேண்டிய அந்தக் கடைசிக் கட்டம் தாளில் இல்லவே இல்லை. அதில் அடி கிடையாது என்பதால், இல்லாதது எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் டின் ஒரு கட்டம் முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது.

பந்தலில் உட்கார்ந்து காகிதம் ஒட்ட முடியாது. சுற்று முடிகிற நேரத்தில் விளிம்பை ஒரு கட்ட நேரம் பிடித்து நிறுத்தி, பிறகு கையை எடுத்தால் போதும் என்றாள். பெல்ட் வழுக்கிக்கொடுக்கும். பிடித்தேன். ஆனால் எப்போது பிடிப்பது? எனக்குத் தாளமே தெரியாது, அதனால்தானே டின் செய்தேன். கடைசியில் அவள் பாடிக்கொண்டே ஒவ்வொரு சுற்றுக்கும் குதிகாலால் தேயிலைப் பெட்டியை ஒரு இடி இடித்தாள். இடி கேட்டதும் கட்டைவிரலை அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் பிந்தித்தான் அமுக்கினேன். இதுவரை முந்திய டின் இப்போது நொண்டியது. பெண் வீட்டார் தங்கமானவர்கள், சாப்பாடு போட்டார்கள்.

பந்தியில் உட்கார்ந்தபோது ரோசலின் கேட்டாள்.

"அப்ப திருநாள் அன்னைக்கு எப்புடிண்ணே சரியா ஓடுச்சு?"

சோற்றில் கை வைக்கப் போனவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டின் விளிம்பின் ஈயம் உரசி வலது கட்டைவிரல் கறுத்திருந்தது.

ஒத்திகையிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. திருநாள் அன்று கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். டின் இரண்டாவது வரியில் தப்பியிருக்கும், பந்தயப்படி அவன் இங்கேயே இருந்திருப்பான். ஒரு பாட்டுக்கு நாற்பது சுற்றாவது இருக்கும். மூன்று பாட்டு. நாற்பது, நாற்பது, நாற்பது தடவை விரலை வைத்து எடுத்திருக்கிறான், ஒரு தடவை கூடப் பிந்தாமல். அம்மாவோடு போவது என்று முடிவெடுத்துவிட்டு, அதை என் டின் எடுத்த முடிவாக ஆக்கிவிட்டுப் போயிருக்கிறான். நான் மூன்று கிழமை பஜாரில் மார்தட்டியது அவனுடைய விரலுக்கு.

பதுளைக்கு வந்ததும் ஈயத்தாளுக்கு அடியில் அட்டை சுற்றி டின்னைக் கொஞ்சம் பருமனாக்கி, இன்னொரு செக்ரோல் தாளில் ஒரு கட்டம் வெட்டி ஒட்டினேன். டின் ஒழுங்காக ஓடியது, ரொம்ப வருடம் ஓடியது.

செபமாலை நீலகிரிப் பக்கத்திலிருந்து ஒரு விலாசம் அனுப்பியிருந்தான். கடிதம் எழுத நானா பேனாவை எடுத்துக்கொண்டு, என்ன எழுத என்று கேட்டார். ஒன்றும் எழுத வேண்டாம், விலாசம் மட்டும் எழுதுங்கள் என்றேன். டின்னின் விளிம்பில் கட்டைவிரலை நாலு தடவை தேய்த்து, வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு கைநாட்டு வைத்தேன். நானா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒட்டித் தபாலில் போட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதிலும் எழுத்து இல்லை என்பதால் வாசிக்க யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. பேனாவால் கோடு போட்ட கட்டங்கள், ஒரே வரிசை. எல்லாவற்றிலும் ஒரு புள்ளி. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

இந்தத் தடவை எண்ணினேன். முப்பத்திரண்டு.